ரத்து செய்ய வேண்டாமா?

இதை நான் கோபத்துல எழுதல. கோபப்பட்டு முடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடந்ததை நடந்தபடியே சொல்றேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். என் மச்சினனே நம்பல. அவன் கம்ப்யூட்டர் படிச்சவன், அதனால நம்பாம இருக்க அவனுக்கு உரிமை இருக்கு.

நான் சின்னதா ஒரு பிரிண்டிங் கடை வெச்சிருக்கேன். விசிட்டிங் கார்டு, பில் புக், கடை போர்டு, இந்த மாதிரி வேலை. ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு பிரிண்டர். அதுல ஒண்ணு வேலை செய்யும். எதுங்கறது அன்னன்னிக்கு மாறும்.

எங்க தெருவுல ஒரு பல் டாக்டர் இருக்கார். ஒருநாள் வந்து, "போர்டுல ஒரு பொண்ணு சிரிக்கற மாதிரி போடுங்க, பல்லு நல்லாத் தெரியணும்"னார். சிரிக்கற பொண்ணுக்கு நான் எங்க போவேன்? இன்டர்நெட்ல படம் விக்கற கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. கோடிக்கணக்குல படம், முதல் வருஷத்துக்கு ஒரு டீ விலைதான்னு போட்டிருந்தான். கார்டு நம்பரைக் குடுத்தேன், ஒரு பொண்ணை எடுத்தேன். டாக்டர் அதை உத்துப் பார்த்துட்டு, "இந்தப் பொண்ணுக்கு முப்பத்திரண்டுக்கு மேல பல்லு இருக்குங்க. இதைப் போட்டா என் தொழில் போயிடும்"னு சொல்லி, கடைசியில அவரோட சொந்த மூஞ்சியையே போடச் சொல்லிட்டார். அவர் சிரிக்கவும் இல்ல.

சரி, படம் வேண்டாம்னு ஆச்சு, சந்தாவை அன்னிக்கே ரத்து பண்ணிடுவோம்னு போனேன். மொழி தேர்வு செய்கன்னு கேட்டான். நம்ம மொழி இருக்கேன்னு சந்தோஷமா தமிழை அமுக்கினேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. நாலு பக்கம் தாண்டி, கடைசியா ஒரு பெட்டி வந்துச்சு. அதுல இப்படி இருந்துச்சு:

"ரத்து செய்ய வேண்டாமா?"

கீழ ரெண்டு பட்டன். ஆம். இல்லை.

நீங்களே சொல்லுங்க. வீட்டுல "சாப்பிட வேண்டாமா?"ன்னு கேட்டா என்ன அர்த்தம்? தட்டு போட்டாச்சு, எழுந்து வாங்கன்னு அர்த்தம். "கடை திறக்க வேண்டாமா?"ன்னா, மணி ஒன்பதாச்சு, கிளம்புங்கன்னு அர்த்தம். இருபத்தி ரெண்டு வருஷமா வேண்டாமா, வேண்டாமான்னு கேட்டுக் கேட்டு எழுந்தவன் நான். பரவால்லையே, கம்பெனிக்காரனே ஞாபகப்படுத்தறானேன்னு நினைச்சு "ஆம்"ங்கறதை அமுக்கினேன். "நன்றி, உங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது"ன்னு வந்துச்சு. நானும் மறந்துட்டேன்.

சரியா ஒரு வருஷம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில போன் டிங்குன்னுச்சு. பதினோராயிரத்து எண்ணூறு போயிடுச்சு. "உங்கள் சந்தா மகிழ்ச்சியுடன் புதுப்பிக்கப்பட்டது"ன்னு மெசேஜ். யாரோட மகிழ்ச்சின்னு போடல.

அந்தக் கணக்குல இருந்தது மொத்தம் பதினஞ்சாயிரம். அது என் பணம்கூட இல்ல. என் மனைவியோடது. அவ வீட்டுல துணி தைக்கறா. பழைய மெஷின், ஓரம் அடிக்கணும்னா வெளிய குடுத்துத்தான் அடிக்கணும். மூடிட்டுப் போற ஒரு கார்மென்ட்ஸ்ல ஓவர்லாக் மெஷின் ஒண்ணு பதினாலாயிரத்துக்குப் பேசி வெச்சிருந்தா. அதை நம்பி ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூத்தி இருபது செட் யூனிஃபார்ம் வேற ஒத்துக்கிட்டா. மெஷின்காரர் கறாரான ஆள். "சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருப்பேன்மா. அஞ்சரைக்கு இன்னொருத்தர் வண்டியோட வர்றார்"னுட்டார்.

செவ்வாயிலேர்ந்து சனி, நாலு நாள். எனக்கு வந்த ஆத்திரத்துல முதல் வேலையா அந்தக் கார்டை ரெண்டா வெட்டினேன்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க! துணி வெட்டற கத்திரிக்கோல்ல யாராவது பிளாஸ்டிக்கை வெட்டுவாங்களா? முனை போச்சு!"

"பழைய கார்டும்மா. தேதி முடிஞ்சிடுச்சு."

"தேதி முடிஞ்சா என் கத்திரிக்கோல்தான் கிடைச்சுதா?"

பொய் அங்க ஆரம்பிச்சுது.

பேங்க்ல கேட்டேன். "நீங்கதான் சார் சம்மதம் குடுத்திருக்கீங்க"ன்னாங்க. "நான் ஒரு பல்லுக்குத்தான் சம்மதம் குடுத்தேன்"னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

கம்பெனியோட போன் நம்பரைக் கண்டுபிடிக்க புதன்கிழமை பூரா ஆச்சு. அவங்க வெப்சைட்ல ஹெட்போன் போட்ட பொண்ணு ஒண்ணு சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு, "எங்களை அழையுங்கள்"னு. எந்த நம்பர்னு அந்தப் பொண்ணு சொல்லல. அதுவும் விக்கறதுக்கு வெச்ச படமாம். எப்படியோ நம்பர் கிடைச்சு, ஒரு மணி நேரம் பாட்டு கேட்டப்புறம் ஒரு அம்மா எடுத்தாங்க.

"வணக்கம், வருத்தப் பிரிவு. உங்களுக்கு நேர்ந்ததுக்கு ரொம்ப வருந்தறோம்."

"எனக்கு என்ன நேர்ந்துச்சுன்னு நான் இன்னும் சொல்லலையேம்மா?"

"பரவால்ல சார். முன்கூட்டியே வருந்திட்டா நேரம் மிச்சம்."

நான் முழுக்கதையும் சொன்னேன். மெஷின், யூனிஃபார்ம், அஞ்சரை மணி வண்டி, எல்லாம். அந்தம்மா குறுக்க பேசாம கேட்டாங்க. நடுவுல ரெண்டு தடவை "ச்சே"ன்னாங்க. எனக்கே ஆறுதலா இருந்துச்சு.

"அப்ப பணத்தைத் திருப்பிப் போட்டுடுவீங்களாம்மா?"

"இல்ல சார். அதுக்கும் வருந்தறேன்."

"உங்க மேனேஜர்கிட்ட குடுங்க."

"அவர் மூத்த வருத்த அலுவலர் சார். என்னைவிட ஆழமா வருந்துவார். பணம் அவரும் தர மாட்டார்."

"அப்ப பணம் தர்றது எந்தப் பிரிவு?"

அந்தம்மா குரலைத் தணிச்சுக்கிட்டு, "தெரியாது சார். நான் பதினோரு வருஷமா வருந்திக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல. நீங்க விலகணும்னா பிரிவுப் பிரிவுக்குத்தான் போகணும்"னாங்க.

"என்ன பிரிவு?"

"பிரிவு, பிரிவு சார். முதல் பிரிவு விட்டுப் பிரியறது. ரெண்டாவது பிரிவு ஆபீஸ். உங்க ஊர்லயே ஒண்ணு இருக்கு. மெத்தைக் கடை மேல, மூணாவது மாடி. நேர்லதான் வரணும்."

"சேரும்போது நான் வீட்டுல உக்காந்துதானேம்மா சேர்ந்தேன்?"

"சேர்றதுக்கு ஒரு கிளிக் சார். பிரியறதுக்கு மூணு மாடி."

வியாழக்கிழமை கடைக்கு ஷட்டரைப் போட்டுட்டுப் போனேன். லிஃப்ட் இருந்துச்சு. "புதிதாகச் சேர்வோருக்கு மட்டும்"னு ஒட்டியிருந்துச்சு. மூச்சு வாங்க ஏறினேன். உள்ள சுவர் பூராவும் படம். ஒரு படத்துல பத்துப் பேர் கோட் போட்டுக்கிட்டு கை குலுக்கறாங்க. இன்னொண்ணுல வயசான ஜோடி கடற்கரையில ஓடறாங்க. என் வயசுல யாரும் எதையும் பார்த்து அவ்வளவு சிரிச்சு நான் பார்த்ததில்ல. படத்துக்குக் கீழ பெஞ்சுல இருபது பேர் உக்காந்திருந்தாங்க. அவங்க யாரும் சிரிக்கல.

வாசல்ல ஒரு மெஷின் டோக்கன் துப்புச்சு. முப்பத்தெட்டு. போர்டுல முப்பத்தஞ்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பரவால்ல, சீக்கிரம் முடிஞ்சிடும்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன். அவர் மடியில ஒரு குஷன், கையில பிளாஸ்க். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"புதுசா?"

"ஆமாங்க."

"நான் ஒரு நாய்க்குட்டிப் படத்துக்குச் சேர்ந்தேன். நாலு வருஷம் ஆச்சு. அந்த நாய் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்."

முப்பத்தாறு, முப்பத்தேழு போச்சு. நான் சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்தேன். போர்டுல எழுத்து ஓடுச்சு: "டோக்கன் 38 தானாகப் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் புதிய எண் 74."

"உக்காருங்க"ன்னார் நாய்க்குட்டிக்காரர். "நம்பர் வர்றதுக்கு முன்னாடி, 'புதுப்பிக்க வேண்டாம்'னு அந்தப் பெட்டியில எழுதிப் போடணும். போன வருஷம் எனக்கு ஒருத்தர் சொன்னார்."

"அப்புறம் ஏன் நீங்க இன்னும் இங்க?"

"பெட்டியைத் திறக்கறவர் லீவு."

தாகமா இருந்துச்சு. மூலையில டீ மெஷின். முதல் கப் இலவசம்னு போட்டிருந்தான். குடிச்சேன். திரும்பி வந்து உக்கார்றதுக்குள்ள ரெண்டாவது கப்பை ஊத்திடுச்சு. மூணாவது. பக்கத்துல சின்ன எழுத்துல, "போதும் என எழுத்துமூலம் தெரிவிக்காதவரை தொடரும்." தரையில டீ ஓடி, எல்லாரும் பழகின மாதிரி காலைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

மூணு மணிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. எப்படின்னு இன்னும் தெரியல. எழுபத்திநாலாவது ஆள் மயக்கம் போட்டாருன்னு ஒரு பேச்சு. ஆனா எழுபத்திநாலு நான்தான்.

பிரிவு அதிகாரி மென்மையான மனுஷன். மேஜை மேல கண்ணு துடைக்கற பேப்பர் டப்பா. பின்னால சுவத்துல ஒரு வாசகம் சட்டம் போட்டு மாட்டியிருந்துச்சு: "கேள்வி கேட்டவருக்கு எது நல்லதோ, அதுவே பதிலின் பொருள்." எனக்கு அப்ப அது புரியல. ஏதோ பெரியவங்க சொன்னதா இருக்கும்னு விட்டுட்டேன்.

"சொல்லுங்க. எங்களை விட்டு ஏன் போறீங்க? நாங்க என்ன குறை வெச்சோம்?"

"குறை ஒண்ணும் இல்லீங்க. எனக்குப் படமே தேவையில்ல. ஒரு வருஷம் முன்னாடியே ரத்து பண்ணிட்டேன்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "'ரத்து செய்ய வேண்டாமா?'ன்னு கேட்டிருக்கோம். 'ஆம், வேண்டாம்'னு சொல்லியிருக்கீங்க."

"ஐயா, 'ஆம், ரத்து செய்யணும்'னு சொன்னேன். சாப்பிட வேண்டாமான்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"அது உங்க வீட்டு நடைமுறை. எங்களுக்குன்னு ஒரு மொழி அலுவலர் இருக்கார்." மணியை அடிச்சார். பக்கத்து ரூம்லேர்ந்து ஒருத்தர் கையில ரப்பர் ஸ்டாம்போட வந்தார். நாற்காலியில உக்காரக்கூட இல்ல. வாக்கியத்தைப் படிச்சார்.

"இதுக்கு ரெண்டு பொருள் உண்டு"ன்னார்.

"அப்பாடா"ன்னேன்.

"விதிப்படி, கேள்வி கேட்டவருக்கு எது நல்லதோ அதுதான் பொருள். கேட்டது கம்பெனி." டப்புன்னு ஸ்டாம்ப் அடிச்சார். போயிட்டார்.

அதிகாரிக்கு என்மேல இரக்கம் வந்திடுச்சு போல. நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டு மனசைத் திறந்து பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நூறு பேர் எங்ககிட்ட சேர்றாங்கன்னா, பத்துப் பேர் படத்துக்குக் காசு தர்றாங்க. மிச்சத் தொண்ணூறு பேர் மறந்துட்டதுக்குத் தர்றாங்க. இந்தப் படம் கிடம் எல்லாம் சும்மா ஒரு சாக்கு. நாங்க மனுஷனோட மறதியை மதிக்கற கம்பெனி. உங்க பொண்டாட்டி உங்க பிறந்தநாளை மறந்தா நீங்க என்ன பண்றீங்க? கோபப்படறீங்க. நாங்க கோபப்படறதே இல்ல. ஒரு மாசம் முன்னாடி உங்களுக்கு மெயில்கூட அனுப்பினோம்."

"மழைக்காலப் படங்கள் நானூறுன்னு ஒண்ணு வந்துச்சு."

"அதேதான். முன்னூத்தி தொண்ணூறாவது படத்துக்குக் கீழ விவரமா எழுதியிருந்தோம். நாங்க யாரையும் ஏமாத்தல சார். ஞாபகப்படுத்தல, அவ்வளவுதான்."

எனக்கு என்ன தோணுச்சுன்னா, மனுஷன் பொய் சொல்லல. அதுதான் பயமா இருந்துச்சு.

கடைசியில மனு ஒண்ணு குடுத்தார். பதினாலு பக்கம். படிச்சேன்னு டிக் போட்டு, காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன், எல்லாரும் போடற மாதிரிதான். அடையாளத்துக்கு ஒரு போட்டோ எடுக்கணும்னாங்க. வெள்ளைத் துணி முன்னாடி நிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் லைட் போட்டு, கையில என் பேங்க் ரசீதைக் குடுத்தாங்க.

"சார், அந்தத் தொகையை ஒரு தடவை பாருங்க"ன்னார் போட்டோ எடுக்கறவர். பார்த்தேன். "அருமை! அப்படியே இருங்க. ஒரு கை தலையில. அட, நடிப்பே இல்லாம வருதே சார் உங்களுக்கு!"

"பணம் எப்ப வரும்?"ன்னு அதிகாரிகிட்ட கேட்டேன்.

"பரிசீலிக்க இருபத்தொரு வேலை நாள்."

"அப்ப ஒரு மாசமா?"

"இந்தப் பிரிவுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் சார் வேலை நாள். சேர்க்கைப் பிரிவு தினமும் உண்டு."

இருபத்தொரு வியாழக்கிழமை. படி இறங்கும்போது எண்ணிப் பார்த்தேன், அஞ்சு மாசம். அன்னிக்கு வீட்டுல என் மனைவி மெஷின் வைக்கறதுக்காக ஜன்னல் ஓரத்துல இடம் ஒழிச்சுக்கிட்டு இருந்தா. "இங்க வெச்சா வெளிச்சம் நல்லா விழும்ல?"ன்னா. நான் நல்லா விழும்னேன். வேற என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை காலையில சொல்லிடலாம்னு இருந்தேன். அவ நூல் கலர் பார்த்துக்கிட்டு இருந்தா. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு கடைக்கு வந்துட்டேன்.

மதியம் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். வேகமான ஆள். பென்டிரைவை நீட்டினார்.

"அண்ணே, அவசரமா ஒரு பேனர். 'நீங்களும் இப்படி ஆகாதீங்க'ன்னு மேல பெருசா போடுங்க. கீழ இந்தப் படம். இன்னிக்குத்தான் புதுசா வந்துச்சு, சூப்பரா ஓடுது."

திறந்தேன். ஸ்கிரீன் பூரா நான். கையில ரசீது, தலையில கை. கீழ கம்பெனிக்காரன் பேர் குடுத்திருந்தான்: "விரக்தியடைந்த நடுத்தர வயது வாடிக்கையாளர், வெள்ளைப் பின்னணி."

ஏஜென்ட் ஸ்கிரீனைத் தட்டிக் காட்டினார். "மூஞ்சியைப் பாருங்கண்ணே. பார்த்தாலே தெரியல? ஏமாறுறதுக்குன்னே பொறந்தவன் மாதிரி! இப்படி ஒரு மூஞ்சியை எங்கதான் புடிக்கறானுங்களோ."

"மெத்தைக் கடை மேல"ன்னேன்.

"என்னது?"

"ஒண்ணும் இல்ல. எத்தனை அடி வேணும்?"

"எட்டுக்கு ஆறு. மூஞ்சி நல்லாப் பெருசா வரட்டும்."

தொழில்னு வந்துட்டா செய்யணும்ல. பிரிண்டர்லேர்ந்து என் நெத்தி மெதுவா வெளிய வந்துச்சு, அப்புறம் கண்ணு. மூக்கெல்லாம் தாண்டி ரசீது வரைக்கும் வந்தப்ப சாப்பாட்டுக் கேரியரோட என் மனைவி உள்ள வந்தா. கேரியரைக் கல்லாப்பெட்டி மேல வெச்சா. பேனரைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அந்த ரசீதுல இருந்த தொகையை, எட்டடி சைஸ்ல, நிதானமாப் படிச்சா.

ஏஜென்ட் அப்பத்தான் என்னையும் பேனரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "அப்புறம் வந்து வாங்கிக்கறேண்ணே"ன்னு நழுவிட்டார்.

நான் எல்லாத்தையும் சொன்னேன். கத்துவான்னு எதிர்பார்த்தேன். கத்தல. அது இன்னும் மோசம்.

"கத்திரிக்கோல் முனை போனது அந்தக் கார்டுக்குத்தானா?"

"ஆமா."

"நாலு நாளா என்கிட்ட சொல்லாம ஜன்னல் வெளிச்சம் பார்த்தீங்களே, அதுதாங்க எனக்கு ஆறல."

கேரியரை அவளே திறந்து தட்டுல போட்டா. நான் கை வைக்கல. கொஞ்ச நேரம் பேனரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "அந்த ஆபீசர் என்ன சொன்னார், அந்த ஸ்டாம்ப்காரர் என்ன சொன்னார், ஒரு வார்த்தை விடாம திரும்பச் சொல்லுங்க"ன்னா. சொன்னேன். சுவத்துல மாட்டியிருந்த வாசகத்தை மட்டும் மூணு தடவை சொல்ல வெச்சா.

"சரி"ன்னா. "சாப்பிட வேண்டாமா?"

எழுந்து சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ரெண்டு மணிக்குப் போனோம். நான் மாடிப்படி பக்கம் திரும்பினேன். அவ என் சட்டையைப் புடிச்சு லிஃப்டுக்கு இழுத்தா. "புதுசா சேர வந்திருக்கோம்"னா லிஃப்ட்காரர்கிட்ட. அவர் சல்யூட் அடிச்சார். மேல எங்களுக்கு டோக்கன் இல்ல, பெஞ்சு இல்ல, தனியா மெத்துன்னு சோபா. அன்னிக்கு வேலை நாள் இல்லாட்டியும் எதிர்ல பழைய பெஞ்சுல நாய்க்குட்டிக்காரர் உக்காந்திருந்தார். அவரை மாதிரி இன்னும் பத்துப் பன்னெண்டு பேர். இடம் போயிடும்னு சனி ஞாயிறும் வந்திடுவாங்களாம்.

சேர்க்கைப் பிரிவு அதிகாரியா வந்து உக்காந்தது யாருன்னு பார்த்தா, அதே பிரிவு அதிகாரிதான். டை மட்டும் வேற. கண்ணு துடைக்கற பேப்பருக்குப் பதிலா சாக்லேட். என்னைப் பார்த்ததும், "சார்! திரும்பி வந்துட்டீங்களா? எனக்குத் தெரியும்!"னார்.

"இவர் படம் நல்லா விக்குதாமே சார்?"ன்னா என் மனைவி. குரல்ல தேன்.

"ரெண்டு நாள்ல நானூத்திப் பன்னெண்டு பேர் எடுத்திருக்காங்கம்மா! எங்க கம்பெனி சரித்திரத்துலேயே இல்ல. நாலு பேங்க், ரெண்டு வக்கீல், ஒரு அல்சர் மாத்திரை. இந்த மாதிரி விரக்தி காசு குடுத்தாலும் கிடைக்காது."

"காசு குடுத்தாலும் கிடைக்காது"ன்னு அவளும் தலையை ஆட்டினா. "இவர்கிட்ட நீங்க எதுவும் கேக்கலையே?"

"ஒன்பதாம் பக்கத்துல கையெழுத்து வாங்கியிருக்கோம்மா. படத்தை இலவசமா பயன்படுத்திக்கலாம்னு. எல்லாம் முறைப்படி."

"அப்படியா. எனக்குச் சரியாப் புரியல சார். ஒரே ஒரு சந்தேகம்." அவ கொஞ்சம் சத்தமாவே கேட்டா, பெஞ்சு வரைக்கும் கேக்கற மாதிரி. "அப்ப, இந்தப் படத்துக்கு இவருக்குப் பணம் குடுக்க வேண்டாமா?"

அதிகாரி சிரிச்சுக்கிட்டே, "ஆமாம்மா"ன்னார்.

அவ எழுந்தா. "சரிங்க. ஆமான்னுட்டார். குடுங்க."

"என்னது? நான் வேண்டாம்ங்கற அர்த்தத்துல..."

"நாங்க எல்லாரும் கேட்டோம்"னார் நாய்க்குட்டிக்காரர், குஷனைக் கீழ வெச்சுட்டு எழுந்து. நாலு வருஷத்துல அவர் எழுந்ததை யாரும் பார்த்ததில்லையாம். பெஞ்சு மொத்தமும் எழுந்துச்சு. "மொழி அலுவலரைக் கூப்பிடு"ன்னு ஒரு குரல் வந்துச்சு.

அவர் ஸ்டாம்போட வந்தார். விஷயத்தைக் கேட்டார். நாற்காலியில இன்னிக்கும் உக்காரல.

"இதுக்கு ரெண்டு பொருள் உண்டு"ன்னார். "கேட்டது யாரு?"

"நான்"னா என் மனைவி.

"அப்ப உங்களுக்கு எது நல்லதோ அதுதான் பொருள்." டப்.

"யோவ், உனக்குச் சம்பளம் குடுக்கறது யாருய்யா?"ன்னார் அதிகாரி.

"வாசகத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினது நீங்க சார். நான் ஸ்டாம்ப் மட்டும்தான்."

அதிகாரிக்கு வேர்த்துடுச்சு. "ஏம்மா, பணத்தைத் திருப்பித் தரணும்னாலும் எனக்கு வழியே இல்லம்மா. எங்க சாஃப்ட்வேர்ல திருப்பித் தர்றதுன்னு ஒரு பட்டனே கிடையாது"ன்னு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பாவம், நிஜமாவே இல்ல. "ஆனா மாடல் சம்பளம்னு ஒரு பட்டன் இருக்கு. அதுல வேணா..."

"அதுல போடுங்க. பதினோராயிரத்து எண்ணூறு."

அவர் தொகையை அடிச்சார். ஸ்கிரீன்ல ஒரு சின்னப் பெட்டி வந்துச்சு. "ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்க." அதுல ஏற்கனவே டிக் இருந்துச்சு. அவங்க சாஃப்ட்வேர்ல எதுக்குமே அப்படித்தானாம், எல்லாத்துலயும் டிக் அதுவே போட்டுக்கிட்டு வருமாம். அதிகாரி அவசரத்துல அதைப் பார்க்கல. என் மனைவி பார்த்தா. அவ பார்த்ததை நான் பார்த்தேன். ரெண்டு பேரும் பேசாம இருந்தோம்.

நாங்க யாரையும் ஏமாத்தல. ஞாபகப்படுத்தல, அவ்வளவுதான்.

போன் டிங்குன்னப்ப மணி நாலு இருபது. லிஃப்ட் எங்களை இறக்காதுன்னுட்டாங்க, சேராதவங்களாம். மூணு மாடி இறங்கி, ஆட்டோ புடிச்சு, மெஷின்காரர் வீட்டு வாசல்ல நின்னப்ப அஞ்சுக்கு இன்னும் ஏழு நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பார்த்துட்டு, "வர மாட்டீங்கன்னு நினைச்சேம்மா"ன்னார். போன்லயே பணத்தை அனுப்பினா. அஞ்சரை மணி வண்டிக்காரர் வந்து நின்னார், அவரையே வாடகை பேசி மெஷினை வீட்டுக்கு ஏத்திக்கிட்டு வந்தோம். ஜன்னல் ஓரத்துல வெளிச்சம் நல்லாத்தான் விழுந்துச்சு. யூனிஃபார்ம் நூத்தி இருபது செட்டும் பதினேழு நாள்ல முடிச்சா. என்கிட்ட சரியாப் பேச ஆரம்பிச்சது பதினெட்டாவது நாள்.

என் மூஞ்சி இப்ப ஊர்ல நிறைய இடத்துல இருக்கு. பல் டாக்டர்கூட போன மாசம் வந்து, பல் வலிக்குப் பொருத்தமா இருக்கும்னு அந்தப் படத்தைத்தான் கேட்டார்.

இதை இப்ப ஏன் எழுதறேன்னா, போன செவ்வாய்க்கிழமை வீட்டுல உக்காந்திருந்தப்ப போன் வந்துச்சு. மென்மையான குரல்.

"சார், ஞாபகம் இருக்கா? பிரிவு அதிகாரி பேசறேன். எங்க கணக்குலேர்ந்து உங்களுக்கு இந்த வருஷமும் பதினோராயிரத்து எண்ணூறு போயிருக்கு."

"வந்துச்சு சார். ரொம்ப நன்றி."

"இல்ல சார், அது எங்களுக்குத் தெரியாமலே தானாகப் போயிடுச்சு..."

என் மனைவி மெஷினை நிறுத்தாமலே, "யாரு?"ன்னா. சொன்னேன். "நீங்க எந்தப் பிரிவுன்னு சொல்லுங்க"ன்னா.

தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டேன். "வருத்தப் பிரிவு பேசறேன் சார். உங்களுக்கு நேர்ந்ததுக்கு ரொம்ப வருந்தறேன்."

"நான் இன்னும் முழுசா சொல்லலையே சார்?"

"பரவால்ல சார், நேரம் மிச்சம்."

"சார், எனக்கு மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். இதை எப்படியாவது நிறுத்தணும். உங்க வீட்டம்மாகிட்ட குடுங்களேன்."

"அவங்க மூத்த வருத்த அலுவலர் சார். இன்னும் ஆழமா வருந்துவாங்க."

மெஷின் சத்தம் நின்னுச்சு. அவ சிரிப்பை அடக்க முடியாம நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டு இருந்தா.

"சரி சார், உங்களுக்காக ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும்"னேன். "ரத்து செய்ய வேண்டாமா?"

சுவத்துல அவரே மாட்டின வாசகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பார்னு நினைக்கறேன்.

"ஆமா"ன்னார் கடைசியில.

"சரிங்க சார். வேண்டாம்னு குறிச்சுக்கிட்டேன்."